ஒரு நாளும் விடாமல்: பெருந்தொற்றிலும் நிற்காத கதிர்வீச்சு சிகிச்சை சொல்லித்தரும் பாடம்

"அம்மாவுக்கு கரண்ட் வைக்கிறாங்க", "மாமாவுக்கு இன்னும் பத்து லைட் பாக்கி இருக்கு" என்று நம் ஊர்ப் பக்கம் பேசிக் கேட்டிருப்பீர்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் மக்கள் இப்படிச் சொல்கிறார்கள். ஊசி போட்டு முடித்தோம், ஆபரேஷன் செய்து முடித்தோம் என்பது மாதிரி இது ஒரே நாளில் முடிகிற சிகிச்சை இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம், ஆறு வாரம், சிலருக்கு ஏழு வாரம் என்று தினமும் மருத்துவமனைக்குப் போய் வர வேண்டும்.

அப்படிப்பட்ட சிகிச்சை நடுவில் இருக்கும்போது பஸ் ஓடவில்லை, ரயில் ஓடவில்லை, தெருவில் இறங்கவே தடை என்றால் என்ன ஆகும்? 2020 மார்ச்சில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தக் கேள்வியைச் சந்தித்தன. மருத்துவமனைகள் அதற்கு எப்படி விடை கண்டன, அதிலிருந்து நோயாளிகளும் வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன, கையில் இருக்கும் ஸ்மார்ட்போன் இதில் எப்படி உதவும் என்பதை இந்தப் பாடத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில்: நாள் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

மொத்தக் கதிர்வீச்சையும் ஒரே நாளில் கொடுத்தால் புற்றுநோய் செல்லோடு நல்ல செல்லும் சேர்ந்து பாதிக்கப்படும். அதனால் அதைச் சின்னச் சின்னத் தவணைகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு தவணையைத்தான் "ஒரு சிட்டிங்" என்று சொல்கிறோம். இன்றைய தவணைக்கும் நாளைய தவணைக்கும் இடையில் நல்ல செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்ளும். புற்றுநோய் செல்களுக்கு அந்த அளவு சரிசெய்துகொள்ளத் தெரியாது. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் சிகிச்சையே நடக்கிறது.

ஆனால் இடைவெளி அதிகமானால் கதை மாறிவிடும். தப்பிப் பிழைத்த புற்றுநோய் செல்கள் மறுபடியும் பெருக ஆரம்பிக்கும். வாய், தொண்டை போன்ற இடங்களில் வரும் புற்றுநோய்களில், சிகிச்சை தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும் இந்தப் பெருக்கம் இன்னும் வேகம் எடுக்கும். அதாவது, நடுவில் நிறுத்திய நாட்களில் கட்டி சும்மா இருப்பதில்லை.

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களில் மொத்தச் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டால், கட்டி கட்டுப்படுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 1 முதல் 1.4 சதவீதம் குறைகிறது என்பது மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் கணக்கு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் வெளிக் கதிர்வீச்சு, உள்ளே வைக்கும் கதிர்வீச்சு இரண்டையும் சேர்த்து 8 வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது பொதுவான விதி. நம் நாட்டில் அதிகம் பார்க்கும் புற்றுநோய்களில் மார்பகம், வாய், கர்ப்பப்பை வாய் மூன்றும் முன்வரிசையில் இருக்கின்றன. ஆகவே இது எங்கோ யாருக்கோ உள்ள பிரச்சினை இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பேனா, பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வாய்ப் புற்றுநோய். 35 தவணை, ஏழு வாரம் என்று திட்டம். 2020 மார்ச் 2, திங்கட்கிழமை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரசு விடுமுறைகளை விட்டுவிட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் எண்ணுங்கள்.

* மார்ச் 24 மாலைக்குள் 17 தவணை முடிந்திருக்கும். பாக்கி 18.
* தடையில்லாமல் நடந்தால் ஏப்ரல் 17 அன்று சிகிச்சை முடியும்.
* மார்ச் 25 முதல் ஏப்ரல் 14 வரை முதல் கட்டப் பொது முடக்கம், 21 நாள். அவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் விட்டுப்போகும் தவணை 15.
* ஏப்ரல் 15 அன்று மறுபடி தொடங்கினால் கடைசித் தவணை மே 8 அன்று விழும். ஏழு வாரச் சிகிச்சை பத்து வாரமாக நீளும்.

மேலே சொன்ன கணக்கை இதில் வைத்துப் பாருங்கள். இது தோராயமான கணக்குதான். இருந்தாலும், இப்படி 21 நாள் நீண்டால், 100 பேரில் 20 பேரோ அதற்கு மேலோ தங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பலனை இழக்கக்கூடும். "முடக்கம் முடிஞ்சதும் பாக்கியைப் போய் வச்சுக்கலாம்" என்று இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான். பாக்கி 18 தவணையைக் கொடுத்தாலும், நடுவில் வளர்ந்ததை அந்த 18 ஈடுசெய்யாது.

நாடு முழுக்க என்ன நடந்தது?

டாடா நினைவு மையத்தின் முன்னெடுப்பில் இயங்கும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, தன் 41 மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரையான மூன்று மாதங்களை, முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 'லான்செட் ஆங்காலஜி' இதழில் 2021-ல் வெளிவந்த அந்த ஆய்வு சொல்லும் சில எண்கள்:

* புதிதாகப் பதிவு செய்த நோயாளிகள் 54 சதவீதம் குறைவு
* பெரிய அறுவை சிகிச்சைகள் 49 சதவீதம் குறைவு
* வெளிநோயாளியாக வந்து கீமோதெரபி எடுத்துக்கொள்வது 37 சதவீதம் குறைவு
* கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள் 23 சதவீதம் குறைவு

இந்தப் பட்டியலில் மிகக் குறைவாகச் சரிந்தது கதிர்வீச்சு சிகிச்சைதான். பெரும்பாலான நோயாளிகள் வீட்டிலிருந்தே வந்து போகிறவர்கள். அறுவை சிகிச்சை மாதிரி ஐ.சி.யூ. படுக்கை, வென்டிலேட்டர், ரத்தம் எல்லாம் தயாராக இருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. தொடங்கியதை நிறுத்தக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஆனாலும் 23 சதவீதம் என்பது சின்ன எண் இல்லை. முந்தைய ஆண்டு 51,142 பேர் பெற்ற சிகிச்சையை, 2020-ன் அந்த மூன்று மாதங்களில் 39,365 பேர்தான் பெற்றார்கள். வித்தியாசம் 11,777 பேர். அதைவிடக் கவலையான எண் முதல் வரியில் இருக்கிறது. புதிதாகப் பதிவு செய்ய வந்தவர்கள் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். அவர்களுக்கு நோய் வராமல் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, அவ்வளவுதான். அப்படித் தள்ளிப்போனவர்களில் பலர் பின்னால் வரும்போது நோய் முற்றிய நிலையில் வரும் அபாயம் உண்டு.

மருத்துவமனைகள் எப்படித் தொடர்ந்தன?

கதிர்வீச்சுப் பிரிவைப் பூட்டாமல் வைத்திருப்பது சுலபமான வேலை இல்லை. இந்த மெஷினை இயக்க அதற்கென்றே படித்த டெக்னீஷியன் வேண்டும். எந்தத் திசையில் எவ்வளவு கதிர் என்று கணக்குப் போட மருத்துவ இயற்பியலாளர் வேண்டும். வேறு வார்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு இங்கே நிறுத்த முடியாது. நான்கு டெக்னீஷியன் இருக்கும் இடத்தில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் தனிமைப்படுத்தப்பட்டால், அத்தனை நோயாளிகளின் சிகிச்சையும் அன்றே நின்றுவிடும். அதனால் உலகம் முழுக்கப் பல மருத்துவமனைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான வழிகளைப் பின்பற்றின.

* ஊழியர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணி மற்றோர் அணியைச் சந்திக்காது. ஓர் அணியில் தொற்று வந்தாலும் இன்னோர் அணி மெஷினை ஓட்டும்.
* ஒவ்வொருவருக்கும் நேரம் குறித்துக் கொடுத்தார்கள். "காலைல வந்து உட்காருங்க, கூப்பிடுவோம்" என்பது மாறி, "10.20-க்கு வாங்க, 10.40-க்குக் கிளம்பிடலாம்" என்று ஆனது. காத்திருக்கும் இடத்தில் கூட்டம் குறைந்தது.
* துணைக்கு ஒருவர் மட்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். வாசலிலேயே காய்ச்சல், இருமல் விசாரித்தார்கள்.
* தினமும் சோப்புத் தண்ணீர் அல்லது கிருமிநாசினியால் மேசையைத் துடைத்தார்கள். தலை, கழுத்து அசையாமல் இருக்க மாட்டும் பிளாஸ்டிக் வலை அச்சை ஒவ்வொருவருக்கும் தனியாகச் சுத்தம் செய்து வைத்தார்கள்.
* சிகிச்சை முடித்து, சும்மா பரிசோதனைக்கு வர வேண்டியவர்களிடம் போனிலேயே பேசினார்கள். அவர்கள் வராததால் கிடைத்த இடமும் நேரமும் சிகிச்சை நடுவில் இருப்பவர்களுக்குப் போனது.

இந்தக் காலத்தில் கதிர்வீச்சு மருத்துவர்கள் முன்வைத்த வழிமுறையை நான்கு சொற்களில் சொல்லிவிடலாம்: தொலைவிலிருந்து பேசு, தேவையில்லாததைத் தவிர், தள்ளிப்போட முடிவதைத் தள்ளு, சுருக்க முடிவதைச் சுருக்கு.

யாருக்கு முதலிடம்?

எல்லாப் புற்றுநோயும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. அதனால் நோயாளிகளை வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. இது யார் பெரியவர், யார் சிறியவர் என்று பார்க்கும் வரிசை இல்லை. யாருக்கு ஒரு நாள் தவறினாலும் ஆபத்து என்று பார்க்கும் வரிசை.

* முதல் வரிசை: குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை பெறும், வேகமாக வளரும் புற்றுநோய்கள். வாய், தொண்டை, கர்ப்பப்பை வாய் போன்றவை. இவர்களுக்கு இடைவெளி கூடாது.
* அவசர வரிசை: முதுகுத்தண்டு நரம்பை அழுத்தும் கட்டி, நிற்காத ரத்தப்போக்கு. இவர்களுக்கு அன்றன்றே முடிவெடுக்க வேண்டும்.
* கொஞ்சம் பொறுக்கக்கூடிய வரிசை: மெதுவாக வளரும் சில புராஸ்டேட் புற்றுநோய்கள் போன்றவை. ஹார்மோன் மருந்து கொடுத்துச் சில மாதம் தள்ளிப்போட முடியும்.
* வலி குறைக்கும் வரிசை: எலும்புக்குப் பரவிய புற்றுநோயில் வலிக்காகக் கொடுக்கும் கதிர்வீச்சு. பத்து நாள் வர வேண்டிய இடத்தில், 8 கிரே அளவில் ஒரே ஒரு தவணை பலருக்குப் போதும்.

உங்கள் பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தள்ளிப்போட்டார்கள், உங்களுக்குப் போடவில்லை என்றால் (அல்லது மாறி நடந்தால்) காரணம் இந்த வரிசைதான். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம், "எங்க அப்பா எந்த வரிசைல வர்றாரு டாக்டர்? தள்ளிப்போட்டா பரவாயில்லையா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

குறைந்த நாள், அதே பலன்

பெருந்தொற்றுக் காலத்தில் நோயாளிகளுக்குக் கிடைத்த ஒரு நல்ல மாற்றம் இது. மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு காலத்தில் 25 தவணை, ஐந்து வாரம் என்பது வழக்கம். பிறகு 40 கிரே அளவை 15 தவணையில், மூன்று வாரத்தில் கொடுத்தாலும் அதே பலன் என்று பிரிட்டன் ஆய்வுகள் காட்டின. அடுத்த கட்டமாக, 4,096 பேரைச் சேர்த்து அங்கே நடந்த 'ஃபாஸ்ட் ஃபார்வேர்ட்' என்னும் ஆய்வு, 26 கிரே அளவை 5 தவணையில், ஒரே வாரத்தில் கொடுத்துப் பார்த்தது. ஐந்து ஆண்டுக்குப் பிறகும் நோய் கட்டுப்பாட்டில் இது மூன்று வாரச் சிகிச்சைக்குக் குறைந்தது இல்லை என்ற முடிவு 2020 ஏப்ரல் கடைசியில் வெளிவந்தது. தொற்று உச்சத்தில் இருந்த நேரம். பிரிட்டன் மருத்துவமனைகள் இதை உடனே கையில் எடுத்துக்கொண்டன.

"நாள் குறைஞ்சா மருந்தும் குறைச்சலாச்சே?" என்று பயப்பட வேண்டாம். 15 தவணையில் ஒரு நாளைக்குச் சுமார் 2.67 கிரே. 5 தவணையில் ஒரு நாளைக்கு 5.2 கிரே. நாள் குறையும்போது ஒரு நாளின் அளவு கூடுகிறது. மொத்தத்தில் கட்டிக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடுகிறது.

ஐந்து வாரம் என்பது ஒரு வாரமாகிறது என்றால் வீட்டுக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பாருங்கள். பஸ் செலவு, தங்கும் செலவு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு எல்லாமே குறையும். மெஷினும் அடுத்த நோயாளிக்குச் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் எல்லாப் புற்றுநோய்க்கும், எல்லோருக்கும் இப்படிச் சுருக்க முடியாது. உங்களுக்கு முடியுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சிகிச்சை நடுவில் தொற்று வந்தால்?

2020, 2021-ல் குடும்பங்களை அதிகம் கலங்கடித்த கேள்வி இது. பொதுவாக மருத்துவர்கள் இப்படி முடிவெடுத்தார்கள்.

இன்னும் கதிர்வீச்சு தொடங்கவில்லை என்றால், தொற்று குணமாகும் வரை பொறுத்திருந்து தொடங்குவது. பாதி முடிந்திருக்கிறது, அறிகுறி லேசாக இருக்கிறது, கட்டியோ வேகமாக வளரும் வகை என்றால், பல மையங்கள் சிகிச்சையை நிறுத்தவில்லை. அவரை அன்றைய கடைசி நோயாளியாக அழைத்து, ஊழியர்கள் பாதுகாப்பு உடை அணிந்து சிகிச்சை கொடுத்து, பிறகு அறையைச் சுத்தம் செய்தார்கள். மூச்சுத் திணறல் இருந்தால் முதலில் தொற்றுக்குச் சிகிச்சை. உடம்பு தேறியதும் விட்டுப்போன நாட்களை ஈடுசெய்யும் வழியைப் பார்ப்பது.

ஈடுசெய்ய வழிகள் இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் தவணை கொடுக்கலாம். ஒரே நாளில் இரண்டு தவணை கொடுக்கலாம். நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். பாக்கித் தவணைகளின் அளவைக் கொஞ்சம் கூட்டலாம். எதைச் செய்வது என்று மருத்துவரும் இயற்பியலாளரும் சேர்ந்து கணக்குப் போடுவார்கள். இரண்டு நாள் விட்டுப்போனதை ஈடுசெய்வது சுலபம். இரண்டு வாரம் விட்டுப்போனால் முழுசாக ஈடுசெய்யவே முடியாமல் போகலாம். அதனால்தான் "உடனே சொல்லுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

மெஷின் மட்டும் போதாது, வழியும் வேண்டும்

மருத்துவமனை திறந்திருக்கிறது. டாக்டர் இருக்கிறார். ஆனால் நோயாளி வந்து சேர வேண்டுமே? 2020-ல் பெரிய சிக்கலே இதுதான். கதிர்வீச்சு மெஷின் எல்லா ஊரிலும் இல்லை. சென்னை, காஞ்சிபுரம் காரப்பேட்டை, மதுரை, கோவை, தஞ்சாவூர், திருநெல்வேலி என்று குறிப்பிட்ட ஊர்களுக்குத்தான் போக வேண்டும். பலருக்கு அது பக்கத்து மாவட்டம்.

பொது முடக்கத்திலும் மருத்துவமனைகள் இயங்கத் தடை இருக்கவில்லை. மருத்துவக் காரணத்துக்காக மாவட்டம் தாண்ட, தமிழ்நாட்டில் ஆன்லைனில் இ-பாஸ் வழங்கப்பட்டது. மாநிலத்துக்குள் செல்ல இ-பாஸ் தேவையில்லை என்பது 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை, சிகிச்சை அட்டையையும் மருத்துவரின் கடிதத்தையும் போனில் படமாக வைத்திருந்தவர்களுக்கு விண்ணப்பிப்பது சுலபமாக இருந்தது. காகிதம் எங்கே என்று பீரோவைத் துழாவியவர்களுக்கு நாள் போனது.

ரயில்வே, 2020 மார்ச்சில் பல கட்டணச் சலுகைகளை நிறுத்தியபோதும், புற்றுநோயாளிகள் உள்ளிட்ட நோயாளிகளுக்கான சலுகையை நிறுத்தவில்லை. தடுப்பூசியிலும் அப்படித்தான். 2021 மார்ச் 1 முதல், 45 வயதிலிருந்து 59 வயது வரை உள்ளவர்களில் இணைநோய் உள்ளவர்களுக்கு முதலில் தடுப்பூசி என்று அறிவித்தபோது, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சங்கிலியும் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உள்ளே வைக்கும் கதிர்வீச்சில் பெரும்பாலும் இரிடியம்-192 என்னும் பொருள் பயன்படுகிறது. 74 நாளில் அதன் சக்தி பாதியாகிவிடும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்ற வேண்டும். உலகமே முடங்கினாலும் இந்தக் கணக்கு முடங்காது. ஆக, ஒரு நோயாளிக்கு ஒரு தவணை தடையில்லாமல் கிடைக்க வேண்டுமானால் சரக்குப் போக்குவரத்து, மின்சாரம், பழுதுபார்க்கும் இன்ஜினீயர், டிரைவர் என்று எத்தனையோ பேர் வேலை செய்தாக வேண்டும்.

உங்கள் போனில் இன்றே செய்துவைக்க வேண்டியவை

வீட்டில் யாருக்காவது கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறதா, தொடங்கப் போகிறதா? பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் செய்துவிடுங்கள்.

1. சிகிச்சை அட்டையின் எல்லாப் பக்கங்களையும் தெளிவாகப் படமெடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை, ஆதார் இவையும் அதில் இருக்கட்டும்.

2. போன் காலண்டரில் ஒவ்வொரு தவணையையும் எண்ணோடு குறியுங்கள். "17/35 முடிந்தது" என்று எழுதினால் போதும். எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

3. கதிர்வீச்சுப் பிரிவின் நேரடித் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிப் பதிந்துகொள்ளுங்கள். மருத்துவமனையின் பொது எண் மட்டும் போதாது.

4. மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றிக் கேட்க 1800 425 3993. இந்த எண்களையும் சேமித்து வையுங்கள்.

5. இ-சஞ்சீவனி செயலியை இறக்கி வையுங்கள். வீட்டிலிருந்தே அரசு மருத்துவரிடம் வீடியோவில் பேசலாம். சின்னத் தொந்தரவுகளுக்கும் சந்தேகங்களுக்கும் இது உதவும். கதிர்வீச்சுத் தவணைக்கு இது மாற்று இல்லை. அதற்கு நேரில்தான் போக வேண்டும்.

6. இந்த விவரங்களை நம்பிக்கையான இன்னும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். துணைக்கு வருபவருக்கே காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப்போவது என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் மருத்துவ ரிப்போர்ட்டைப் பெரிய வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள்.

ஒரு நாள் போக முடியவில்லை என்றால் சும்மா இருந்துவிடாதீர்கள். அன்றே கதிர்வீச்சுப் பிரிவுக்கு இப்படி ஒரு தகவல் கொடுங்கள்: நோயாளியின் பெயர், பதிவு எண், எந்த இடத்துக்குச் சிகிச்சை, எத்தனையில் எத்தனை முடிந்தது, இன்று ஏன் வர முடியவில்லை, அடுத்து எப்போது வர முடியும். இந்த ஆறு விவரமும் இருந்தால் அவர்கள் உடனே மாற்று ஏற்பாட்டை யோசிக்க முடியும்.

அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

"கட்டி சுருங்கிடுச்சு, வலியும் போயிடுச்சு. மீதியை விட்டுடலாமா?"
கூடாது. கண்ணுக்கும் கைக்கும் தெரியாத செல்கள் மிச்சம் இருக்கும். கடைசித் தவணைகள் அவற்றுக்காகத்தான்.

"கரண்ட் வச்சிட்டு வந்தவங்க பக்கத்துல குழந்தைங்க போகலாமா?"
வெளியிலிருந்து மெஷின் மூலம் கொடுக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்காது. தாராளமாகப் போகலாம். ஆனால் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் நோயாளியின் நலனுக்காகக் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும்.

"தொற்று நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போறதே ஆபத்து இல்லையா?"
ஆபத்து இருந்தது உண்மை. அதனால்தான் நேரம் குறித்து அழைத்ததும், முகக்கவசமும், இரண்டு அணிகளும். வேகமாக வளரும் புற்றுநோயில், போகாமல் இருப்பதன் ஆபத்து இன்னும் பெரிது. தலை, கழுத்துப் புற்றுநோயில் கதிர்வீச்சு தொடங்குவது ஒவ்வொரு நான்கு வாரம் தள்ளிப்போகும்போதும் இறப்பு அபாயம் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளிவந்த ஒரு கட்டுரை காட்டியது.

"பக்கத்து ஊர்ல வேற மெஷின் இருக்கு. மீதியை அங்கே வச்சுக்கலாமா?"
நீங்களாக மாறாதீர்கள். ஒவ்வொருவருக்கும் போடும் திட்டம் அந்தந்த மெஷினுக்கு ஏற்றது. மாற வேண்டியிருந்தால் இப்போதைய மருத்துவரிடம் சிகிச்சைச் சுருக்கம் வாங்கிக்கொண்டு, இரண்டு மருத்துவமனைகளும் பேசி முடிவு செய்த பிறகே மாற வேண்டும்.

"வாட்ஸ்அப்ல வந்துச்சு, கஷாயம் குடிச்சா கதிர்வீச்சு வேண்டாமாம்?"
நம்பாதீர்கள், அடுத்தவருக்கும் அனுப்பாதீர்கள். சிகிச்சையோடு வேறு எதையாவது சாப்பிட விரும்பினால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்தப் பாடம் தொற்றுக்கு மட்டுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகள் தண்ணீரில் நின்றன. அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் பெருவெள்ளம். அன்றும் 17/35, 22/25 என்ற கணக்கில் யாரோ ஒருவர் நின்றுகொண்டுதான் இருந்திருப்பார். வெள்ளம், பந்த், மெஷின் பழுது, வீட்டில் ஒரு துக்கம் என்று காரணம் எதுவானாலும் கட்டிக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்தது நாள் கணக்கு மட்டும்தான்.

அதனால் மழை எச்சரிக்கை வந்தவுடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மருத்துவமனைக்கு போன் செய்து, "நாளைக்கு வர முடியாதுன்னா இன்னைக்கு மாலையோ சனிக்கிழமையோ ஏதாவது ஏற்பாடு இருக்கா?" என்று கேளுங்கள். முடிந்தால் ஓரிரு நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கப் பாருங்கள்.

சிகிச்சை முடிந்து வீட்டோடு இருப்பவர்களுக்கும், நோய் முற்றி வலி நிவாரணம் மட்டும் தேவைப்படுபவர்களுக்கும் வீட்டுக்கே வந்து உதவும் வழியும் இருக்கிறது. தொற்றுக் காலத்திலேயே, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்ந்திருக்கின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. 2020-ல் பதிவு செய்ய வராமல் போன அந்தப் பாதிப் பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தப்போக்கு, குறையாத குரல் கம்மல் என்று உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இருந்தால், "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளாமல் இந்த வாரமே பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். எங்கே போவது என்று தெரியவில்லையா? 104-க்கு ஒரு போன் போடுங்கள்.